சூடாக்கிய பிறகும் மறையாத பச்சை ஒளி: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பென்சைல் அமோனியமும் ஈயக் குளோரைடும் அடுக்கடுக்காக அமைந்த முனைவுள்ள (மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்த) படிகம் ஒன்றை வளர்த்திருக்கிறேன். 1064 நானோமீட்டர் லேசரைச் செலுத்தினால் 532-இல் அழகான பச்சை ஒளி வருகிறது. திறனை இரட்டிப்பாக்கினால் பச்சை நான்கு மடங்காகிறது. சரி, இது இரண்டாம் சீரிசைதான், அதாவது படிகம் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குகிறது.

சிக்கல் சூடாக்கும்போது. 438 கெல்வினுக்கு மேல் இந்தப் படிகத்துக்குச் சமச்சீர் மையம் வந்துவிடும், அதாவது மையத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோலாகிவிடும். அப்படிப்பட்ட படிகத்தின் உட்பகுதியில் இரண்டாம் சீரிசை எழாது என்பதால் பச்சை மறைய வேண்டும். எனக்கோ மங்கலாக மிச்சம் நிற்கிறது. லேசரிலிருந்தே கசிகிறதோ என்று படிகத்துக்கு முன்னால் ஃபில்டர் வைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

இது படிகத்தின் மேற்பரப்பிலிருந்து வருகிறதா? அல்லது வெப்பமானி காட்டும் அளவுக்குப் படிகம் சூடாகவில்லையா? லேசரின் முனைவுத் திசையை (ஒளியின் மின்புலம் அதிரும் திசையை) திருப்பி அளந்து இரண்டையும் பிரித்தறிந்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். மாதக்கணக்கில் வளர்த்த படிகம், வெட்டிப் பார்க்க மனம் வரவில்லை.