மூடுபனி நாளில் கிளெண்டலாக் மடத்தின் இடிபாடுகளைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி:
வணக்கம். ஊரிலிருந்து டப்ளினுக்கு வந்திருக்கும் என் பெற்றோரை இந்தச் சனிக்கிழமை விக்லோ மலைப்பகுதியில் உள்ள கிளெண்டலாக் மடத்துக்கு அழைத்துச் செல்வதாக இருக்கிறோம். ஆனால் அன்று மூடுபனி இருக்கும் என்று வானிலை அறிவிப்பு சொல்கிறது. அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. மலையும் ஏரிகளும் தெரியாத நாளில் அங்கே போவதில் பயன் உண்டா?

பதில் 1:
தாராளமாகப் போகலாம். ஏரியின் அழகைப் பார்க்க வருபவர்களுக்குத்தான் பனி இடைஞ்சல். மடத்தைப் பார்க்க வருபவர்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. நுழைவாயிலில் இருந்தே தொடங்குங்கள். இரண்டு கருங்கல் வளைவுகளைக் கடந்து உள்ளே போனதும் மேற்குச் சுவரில் சிலுவை பொறித்த ஒரு கல் இருக்கும்; அதைத் தாண்டி வந்தவர் மடத்தின் அடைக்கலத்துக்குள் வந்துவிட்டார் என்பதற்கான அடையாளம் அது. பலரும் கோபுரத்தை நோக்கி விரைந்து அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தம். பேராலயத்தின் தெற்குச் சன்னலுக்குக் கீழே, நம் பழைய வீடுகளில் விளக்கு வைப்பது போன்ற ஒரு மாடமும், வழிபாட்டுப் பாத்திரங்களைக் கழுவிய கல்தொட்டியும் உள்ளன. புனித கெவின் இந்த மடத்தை 6-ஆம் நூற்றாண்டில் நிறுவினார் என்றாலும், இன்று நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 10 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லறைகளுக்கு இடையிலான புல்லும் தேய்ந்த கற்களும் ஈரத்தில் மிகவும் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். மேல் ஏரிக்குப் போகும் பாதை ஏறக்குறைய சமதளம் என்பதால் வலி இல்லாவிட்டால் மெதுவாக நடக்கலாம். ஸ்பிங்க் மலையேற்றத்தை அன்று அறவே தவிர்த்துவிடுங்கள். கெவின் தங்கியதாகச் சொல்லப்படும் குகையை எதிர்க்கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். பனியில் அது தெரியாது.

பதில் 3:
சுமார் 30 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரத்தின் அடியில் நின்று அதன் வாசலைப் பாருங்கள். அது தரையிலிருந்து ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் வழியே வந்து கொள்ளையடித்த வைக்கிங்குகளிடமிருந்து துறவிகள் ஒளிந்துகொள்ளவே இப்படிக் கட்டினார்கள் என்று பலரும் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. இத்தகைய கோபுரங்கள் முதன்மையாக மணி அடிப்பதற்கான மணிக்கூண்டுகள். அடித்தளம் ஆழமற்றது என்பதால், கீழ்ப்பகுதியில் வாசல் திறக்காமல் விட்டது கட்டுமானத்துக்கு வலுச் சேர்த்தது. ஆபத்துக் காலத்தில் சிலர் உள்ளே புகுந்திருக்கலாம்தான். ஆனால் உட்தளங்கள் மரத்தால் ஆனவை என்பதால் தீ வைத்தால் தப்ப வழியில்லை. 950-இல் ஸ்லேன் மடத்தின் மணிக்கூண்டு, உள்ளே இருந்தவர்களோடு எரிக்கப்பட்டதை ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. கிளெண்டலாக் கோபுரத்தின் கூம்புக் கூரை மட்டும் 1876-இல் பழைய கற்களைக் கொண்டே திரும்பக் கட்டப்பட்டது. பனி சற்று விலகும்போது உச்சித் தளத்தில் நான்கு திசைகளை நோக்கிய நான்கு சன்னல்களைப் பார்க்கலாம். மணியோசை பள்ளத்தாக்கு முழுவதும் பரவ வேண்டும் என்ற நோக்கம் அங்கே தெளிவாகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சனிக்கிழமையே போகிறோம். தூறல் வலுத்தால் பெரியவர்கள் ஒதுங்க இடம் உண்டா?

பதில் 1:
பேராலயத்துக்குக் கூரை கிடையாது. கெவின் தேவாலயத்தின் செங்குத்தான கல்கூரை முழுமையாக இருந்தாலும், அதை நம்பிப் போக வேண்டாம். வாகன நிறுத்தத்தின் அருகே உள்ள பார்வையாளர் மையத்தில் அம்மா உட்காரலாம். மடம் முழுமையாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரி வடிவம் அங்கே இருப்பதால், அப்பாவும் முதலில் அதைப் பார்த்துவிட்டு இடிபாடுகளுக்குப் போவது நல்லது.