பட்டை சிவப்பைக் காட்டியபோது

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் பக்கம் உள்ள குட்டுபலாங் அகதி முகாமில் நான் இரண்டு தடவை வேலை பார்த்தேன். 2017 கடைசியில் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை. இரண்டு தடவையும் குழந்தைகளின் ஊட்டச்சத்துப் பிரிவில்தான்.

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு, ராணுவத்தின் வன்முறைக்குத் தப்பி, மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். நான் போனபோது மலைச்சரிவு முழுக்க மூங்கிலும் தார்ப்பாயும்தான். ஆனாலும் உதவி வந்துகொண்டே இருந்தது. பல நாட்டு அரசுகள் அவசரமாகப் பணம் ஒதுக்கின. இந்தியாவும் ‘ஆபரேஷன் இன்சானியத்’ என்று அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பியது.

2023-இல் திரும்பப் போனபோது நிலைமை வேறு. ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் சாப்பாட்டுக்கு ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலர் கொடுத்துவந்தது. நன்கொடை வற்றியதால் மார்ச்சில் அது 10 ஆனது, ஜூனில் 8. கணக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 9 சென்ட்தான். வெளியே போய்ச் சம்பாதிக்கவும் அவர்களுக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது.

குழந்தையின் மேல்கையில் ஒரு பட்டையைச் சுற்றி அளப்போம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு; அதற்கு முந்தைய எச்சரிக்கை நிலை மஞ்சள். ஏப்ரலில் மஞ்சளில் இருந்த ஒரு இரண்டு வயதுப் பெண் குழந்தை ஜூலையில் சிவப்புக்கு வந்துவிட்டாள். சிகிச்சைக்கான நிலக்கடலைப் பசை பாக்கெட்டுகளைக் கொடுத்து அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்தும் எடை ஏறவில்லை. வேறு யாருக்காவது கொடுக்கிறாயா என்று அம்மாவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். “பெரியவனுக்கும் பசிக்குதே, ஆபா” என்றார். (அங்கே அக்காவை ஆபா என்பார்கள்.) அப்படிக் கேட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இந்தப் பசிக்கு உதவிப் பணம் வரும் விதமும் ஒரு காரணம். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் அகதிகளுக்கென்றே ஓர் அவசர நிதி உண்டு, 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். எதிர்பாராத அவசரத் தேவை என்று அதிபர் தீர்மானித்தால் அதிலிருந்து பணம் எடுக்கலாம். 2021 ஜூலையில் ஆப்கானியர்களுக்காக 10 கோடி டாலர் வரை அப்போதைய அதிபர் பைடன் அனுமதித்தது இப்படித்தான். அந்த வேகம் கட்டாயம் வேண்டும், 2017-இல் வேகமாக வந்த பணம் உயிர்களைக் காத்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஆனால் ஆறாவது வருஷத்துப் பசியை ‘எதிர்பாராதது’ என்று யார் சொல்வார்கள்? அதற்கு வருஷாவருஷம் வருகிற, முன்கூட்டியே உறுதியான பணம் வேண்டும்.

2024-இல் ரேஷன் படிப்படியாக ஏறி 12.50 டாலர் ஆனது. 2025 மார்ச்சில் 6 டாலராகக் குறையப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும், அங்கே எனக்கு மொழிபெயர்த்துக் கொடுத்த தம்பிக்குப் போன் செய்தேன். முகாமில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். கடைசி நேரத்தில் பணம் வந்ததால் 12 டாலரில் நின்றது.

ஜோர்டான், லெபனான் முகாம்களில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், அங்கே உதவியைக் குறைத்தபோது குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்று எழுதுங்கள்.