சுற்றுநிருப இலக்கம் இல்லாத செய்தியைச் சங்கக் குழுவில் போடலாமா?

கொட்டகலை கிளை உறுப்பினர்:
வணக்கம். நமது ஆசிரியர் சங்கத்தின் கிளைக் கூட்டத்தில் நேரமில்லாமல் பாதியில் விட்ட பேச்சை இங்கே தொடர்கிறேன். என் முன்மொழிவு இதுதான். கல்வி அமைச்சோ மாகாணக் கல்வித் திணைக்களமோ வலயக் கல்வி அலுவலகமோ, செய்தி எங்கிருந்து வந்தாலும் சுற்றுநிருப இலக்கமும் திகதியும் இல்லாமல் அதைச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. வாரம் ஒருமுறை சங்கமே தமிழில் சுருக்கம் எழுதிப் போடட்டும்.

டித்வா புயலுக்குப் பிறகு எந்தப் பாடசாலை எப்போது திறக்கும் என்று ஆளுக்கொரு செய்தி போட்டோம். பாதை சரிந்து கிடந்த நாட்களில் அதை நம்பிக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். குழுவுக்கு வருகிற போட்டோக்களைப் பாருங்கள்: கோணலாக எடுத்த சிங்களக் கடிதம், திகதியின் மேல் பெருவிரல், இரண்டாம் பக்கத்தைக் காணோம், கீழே "உடனே பகிரவும்". இதை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும்?

மஸ்கெலியா டீச்சர்:
சேர், உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் இந்த விதிக்கு நான் கை தூக்க மாட்டேன். இலக்கம் போட்டுச் சுற்றுநிருபம் வருகிறபோது முடிவு எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்து என்ன பயன்?

பாடசாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2026 முதல் 2 மணி வரை என்று 2025 இல் பேச்சு வந்தபோது யாரிடமும் சுற்றுநிருபம் இல்லை. ஆனால் தோட்டத்து மேல் டிவிஷனில் படிப்பிக்கிறவர்களுக்கு அந்த அரை மணித்தியாலம் என்னவென்று தெரியும். 1.30 க்கு விட்டால் கீழே நடந்து வந்து அட்டன் பஸ்ஸைப் பிடிக்கலாம். 2 மணி என்றால் பஸ் போய்விடும், த்ரீவீலருக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளும் தேயிலை மலை வழியேதான் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். பேச்சளவில் இருந்தபோதே செய்தி பரவியதால்தான் எங்கள் பக்கத்து நிலைமையை எழுதிக் கொடுக்க முடிந்தது. கடைசியில் புயலோடு அது நின்றது என்பது வேறு கதை.

கொட்டகலை கிளை உறுப்பினர்:
டீச்சர், அந்த உதாரணமே எனக்கும் உதவுகிறது. நேரம் 1.30 தான் என்று அறிவித்த பிறகும் 2 மணிச் செய்தி குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. தரம் 6 விஷயமும் அப்படித்தான். 2026 இல் தரம் 1 க்கும் 6 க்கும் கல்விச் சீர்திருத்தம் என்றார்கள், ஜனவரியில் தரம் 6 ஐ 2027 க்குத் தள்ளினார்கள். பழைய செய்தியையும் புதிய செய்தியையும் ஒரே நாளில் படித்தவர் எந்தப் பாடத்திட்டத்துக்குக் குறிப்பு எழுதுவார்?

ஹப்புத்தளையில் இருந்து:
நீங்கள் இருவருமே மத்திய மாகாணத்தை மட்டும் வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் உறுப்பினர்கள் ஊவாவில் இருக்கிறார்கள், சப்ரகமுவவிலும் இருக்கிறார்கள். அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலை அமைச்சின் கீழ், மற்றவை மாகாணத்தின் கீழ். தோட்டப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். தேசிய பாடசாலை இடமாற்றத்துக்கு அமைச்சு விண்ணப்பம் கோரினால் அது எங்களுக்கு அல்ல, எங்கள் மாகாணத் திணைக்களம் தனியாகக் கோர வேண்டும். இதைச் சொல்லாமல் "இடமாற்ற விண்ணப்பம் கோரல்" என்று மட்டும் போட்டால் பண்டாரவளையில் ஒருவர் தேவையில்லாத படிவத்தை நிரப்பிவிட்டு உண்மையான திகதியைக் கோட்டை விடுவார். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மாகாணப் படிவம் கைக்கு வந்தது முடிவுத் திகதிக்கு முதல் நாள் மாலை. அந்த வருடம் அவருக்கு இடமாற்றம் இல்லை.

இலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. யாருக்குப் பொருந்தும் என்று முதல் வரியில் இருக்க வேண்டும்.

லிந்துலை:
கோபித்துக்கொள்ள வேண்டாம். தகவல் கொடுப்பது திணைக்களத்தின் வேலை. அதற்குச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். நாங்கள் சந்தா கட்டுவது போராட்டத்துக்கு. 2021 ஜூலையில் இணையவழிக் கற்பித்தலை நிறுத்திவிட்டு மூன்று மாதத்துக்கு மேல் நின்றோமே, 24 வருடச் சம்பள முரண்பாடு அப்போதுதான் அசைந்தது. 2022 ஜனவரிச் சம்பள உயர்வு தானாக வரவில்லை. சங்கம் தபாற்காரர் வேலை பார்க்கத் தொடங்கினால் திணைக்களம் நிம்மதியாக உட்கார்ந்துவிடும். தமிழ்ப் பிரதி தாமதமானால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போடுங்கள். ஏன் நாமே உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற ஆசிரியர், புசல்லாவை:
தம்பி, முறைப்பாடு போடத்தான் வேண்டும். ஆனால் அது முடியும்வரை விண்ணப்பத் திகதி காத்திருக்காது.

பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களை எடுத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000. நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்த பிள்ளைகளுக்கு, பயிற்சி முடித்தால்தான் ஆசிரியர் சேவைக்குள் எடுப்பார்கள் என்பதே தெளிவாகத் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டால் யாரிடம் கேட்பது என்று சொல்ல ஆளில்லை. ஆசிரியர் சேவையின் விதிகளைச் சொல்லும் சேவைப் பிரமாணக் குறிப்பு 2014 ஒக்டோபர் வர்த்தமானியில், 1885/38 ஆம் இலக்கத்தில், இருக்கிறது. அதை வாசித்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்டிருப்பார்கள். தன் உரிமை எந்தப் பந்தியில் இருக்கிறது என்று தெரியாதவரை எந்தப் போராட்டத்துக்கு அழைப்பீர்கள்?

லிந்துலை:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் வாரச் சுருக்கத்தை யார் எழுதுவது? படிப்பிக்கிற ஒருவர்தானே? அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையைக் காட்டி அதிபர் விளக்கம் கேட்டால் சங்கம் கூட நிற்குமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

கொட்டகலை கிளை உறுப்பினர்:
சரியான கேள்வி. அதனால்தான் தனிப்பட்டவர் பெயரில் எதுவும் போகக்கூடாது என்கிறேன். சுருக்கம் சங்கத்தின் கடிதத் தலைப்பில், செயலாளர் கையொப்பத்தோடு போகட்டும். வெளியான சுற்றுநிருபத்தை உறுப்பினருக்கு விளக்குவது பதிவு செய்த தொழிற்சங்கத்தின் சாதாரண வேலை. பிரதி கிடைக்காத இடத்தில் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

மஸ்கெலியா டீச்சருக்காக முன்மொழிவைத் திருத்துகிறேன். பேச்சளவில் உள்ளதையும் போடலாம். ஆனால் மேலே "யோசனை, முடிவல்ல" என்று எழுதி, எங்கே கேட்டது என்பதையும் போட வேண்டும். ஹப்புத்தளைக்காக: எந்த மாகாணம், தேசியமா மாகாணமா என்பது முதல் வரி. இலக்கமும் மூலமும் இல்லாத ஃபோர்வர்டை அட்மின் நீக்குவார். அதை விடமாட்டேன்.

மஸ்கெலியா டீச்சர்:
"யோசனை" என்று எழுதுவதற்குச் சம்மதம். நீக்குவதற்கு இல்லை. தகவல் சொன்ன அலுவலக ஊழியரின் பெயரை வெளியே போட்டால் அடுத்த முறை அவர் வாய் திறப்பாரா? மூலம் சொல்ல முடியாத செய்தியும் சில நேரம் உண்மையாகத்தான் இருக்கும். நீக்குவதற்குப் பதிலாக ஒருவர் விசாரித்து, இரவுக்குள் கீழேயே பதில் எழுதட்டும். அந்தப் பந்தியைத் தனியாக வாக்கெடுப்புக்கு விடுங்கள், நான் எதிர்த்துத்தான் போடுவேன்.

ஹப்புத்தளையில் இருந்து:
விடுங்கள், தனியாகவே விடுங்கள். ஆனால் ஊவாச் சுற்றுநிருபங்களைப் பார்க்க இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. பதுளையில் சிங்களம் நன்றாக வாசிக்கும் இருவரிடம் நான் கேட்கிறேன். சப்ரகமுவவுக்கு இரத்தினபுரியில் இருந்தோ கேகாலையில் இருந்தோ ஒருவர் சொல்லுங்கள்.