பெர்த் – லண்டன்: நேரடி விமானமா, இடையில் இறங்கி ஏறுவதா?

நண்பர்களே, வணக்கம். 74 வயதான என் அப்பாவை பெர்த்திலிருந்து லண்டனுக்குத் தனியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். எங்கும் நிற்காத விமானத்தில் சுமார் 17 மணி நேரம். மாலை 7 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு இறங்கும் என்றதும், “பத்து மணி நேரம்தானே!” என்று மகிழ்ந்துவிட்டார். கோடையில் லண்டன் கடிகாரம் 7 மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்று விளக்கியதும் முகம் வாடிவிட்டது. மேற்கே போகும்போது எதிர்காற்று வேறு. திரும்பி வருவதற்குப் பொதுவாக நேரம் சற்றுக் குறைவு.

முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நெடுநேரம் உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கிக் காலணியே நுழையாது. மருத்துவரிடம் கேட்கத்தான் போகிறோம். சிங்கப்பூரில் இறங்கி ஏறினால் கொஞ்சம் நடக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் தனியாகத் தடுமாறுவாரே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

வயதான பெற்றோரை இந்த வழியில் அனுப்பியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். எது அவர்களுக்கு எளிதாக இருந்தது? விமானம் மாறும் இடத்தில் சக்கர நாற்காலியுடன் ஆள் காத்திருந்தாரா? நடைபாதை ஓர இருக்கையை முன்கூட்டியே உறுதி செய்ய முடிந்ததா? உங்கள் பதிலைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுக்கப்போகிறேன்.