காலையில் எஞ்சினில் கரகரப்பு: டேப்பெட்டா, டைமிங் செயினா?

அனைவருக்கும் வணக்கம். குளச்சலில் எங்கள் வீட்டில் உள்ள பெட்ரோல் காரை, இரவு முழுவதும் நின்றபின் காலையில் ஸ்டார்ட் செய்ததும், டைமிங் செயினின் (எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்கவைக்கும் சங்கிலி) மூடி உள்ள பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடிகளுக்குச் சங்கிலி உரசுவது போன்ற கரகரப்பு எழுந்து, ஆயில் மேலேறியதும் அடங்கிவிடுகிறது. அதன்பின் தொடரும் மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதற்கேற்ப வேகமெடுக்கிறது.

மார்த்தாண்டத்தில் காட்டியபோது டேப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்றார்கள். நாகர்கோவிலிலோ, ஆயில் பிரஷரால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் போய்விட்டது, பிரித்தே ஆக வேண்டும் என்றார்கள். இருவருமே ஆயில் பிரஷரை அளந்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகம்) சுழற்றும் பெல்ட்டைக் கழற்றிச் சில நொடிகள் ஓடவிட்டபோதும் அதே சத்தம் வந்ததால், அதன் பேரிங்கைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. உப்புக்காற்றில் துருவேறித் தளர்ந்திருந்த சைலன்சரின் வெப்பத்தடுப்புத் தகட்டையும் இறுக்கியாகிவிட்டது (எங்கள் கடலோரத்தில் பல கார்களின் மர்மச் சத்தத்துக்கு அதுவே காரணம்).

கையேட்டில் ஆயிலின் தரம் 5டபிள்யூ-30 என்றிருக்க, சென்ற சர்வீஸில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கெட்டியாக இருக்கும் அந்த ஆயில் டென்ஷனரைச் சென்றடையத் தாமதமாவதால் மட்டுமே இந்தச் சத்தம் வரக்கூடுமா? முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிப் பார்க்கலாமா, அல்லது அதுவரை ஓட்டுவதே ஆபத்தா?

இதே சத்தத்தைச் சரிசெய்தவர்கள் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையில், பிரஷர் கேஜ் வைத்து அளந்து பார்த்துவிட்டுப் பேசும் மெக்கானிக் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.