புரூக்லின் டெக்: 6,000 பேர் படிக்கும் பள்ளியில் மகனைச் சேர்க்கலாமா?

செங்காங் தந்தை கேட்கிறார்:
வணக்கம். பணி மாற்றம் காரணமாக வரும் ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து குடும்பத்தோடு நியூயார்க்கின் புரூக்லின் பகுதிக்குக் குடிபெயர்கிறோம். இங்கு உயர்நிலை முதலாம் ஆண்டில் படிக்கும் என் மகன், அங்கு செப்டம்பரில் எட்டாம் வகுப்பில் சேர்ந்து, மறு ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டும். கணிதத்தில் நாட்டமுள்ளவன் என்பதால் புரூக்லின் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால், ஏறத்தாழ 6,000 மாணவர்கள் என்றதும் என் மனைவி தயங்குகிறார். அதிகம் பேசாத பிள்ளை, ஆசிரியர் கண்ணில் படாமலே நான்கு ஆண்டுகளைக் கழித்துவிடுவானோ என்று அஞ்சுகிறார். சேர்க்கை எப்படி நடக்கிறது? இந்த அச்சம் நியாயமானதா?

முன்னாள் புரூக்லின்வாசி:
என் மகள் அங்குதான் படித்தாள். 1933இல் கட்டி முடிக்கப்பட்ட 12 மாடிக் கட்டடம் அது. பாடவேளை முடிந்து மணி அடித்ததும் படிக்கட்டுகளில் ஏறுவோரும் இறங்குவோரும் தோளோடு தோள் உரசும் நெரிசலுக்கு முதல் சில வாரங்கள் அவள் மிரண்டது உண்மைதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொருவரும் கட்டடக்கலை, விண்வெளிப் பொறியியல், மென்பொருள், உயிரியல் போன்ற சிறப்புத் துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால், அதே முகங்களையே திரும்பத் திரும்பக் காணும் சிறு வட்டம் தானாக உருவாகிவிடுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் மட்டும் பிள்ளை தானே ஒரு மன்றத்தில் சேர வேண்டும். நம் இணைப்பாட நடவடிக்கையைப் போல அங்கே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. உங்கள் மனைவியின் தயக்கத்துக்கு இடமுள்ளது அந்த இரண்டு ஆண்டுகளில்தான் என்பேன்.

சேர்க்கைக்கு ஒரே வழி, இலையுதிர் காலத்தில் நடக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு. ஆங்கிலத்தில் 57, கணிதத்தில் 57 கேள்விகள். மொத்தம் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. மதிப்பெண்ணையும் நீங்கள் வரிசைப்படுத்தும் பள்ளி விருப்பங்களையும் வைத்தே இடம் தருகிறார்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இக்குப் பிந்தைய நம் பள்ளி ஒதுக்கீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. இதுபோன்ற எட்டு சிறப்புப் பள்ளிகளுக்கும் ஒரே தேர்வுதான். அவற்றில் ஒன்றான ஸ்டைவசன்ட் பள்ளிக்குத் தேவைப்படும் மதிப்பெண்ணைவிட இதற்குக் குறைவாகவே தேவைப்படும். நகரில் குடியிருப்பவர் மட்டுமே எழுத முடியும் என்பதால், வாடகை ஒப்பந்தம் முதலான முகவரிச் சான்றுகளைப் போய்ச் சேர்ந்த உடனே தயார் செய்யுங்கள். பதிவுக்கான கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. பத்தாம் வகுப்பில் நுழைய இடங்கள் மிகச் சொற்பம். ஆகவே எட்டாம் வகுப்பில் எழுதும் தேர்வுதான் உண்மையான வாய்ப்பு.

கிளமெண்டி ஆசிரியர்:
ஒரே தேர்வை வைத்துப் பிள்ளையை எடைபோடும் முறையில் எனக்கு உடன்பாடில்லை. 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. கறுப்பின, லத்தீன் மாணவர்கள் மிகச் சிலரே இடம் பெறுகிறார்கள் என்பதால் 2018இல் நியூயார்க் மேயர் டி பிளாசியோ அத்தேர்வை நீக்க முயன்றும் சட்டமன்றம் இசையவில்லை. நம் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டத்தில் விளையாட்டு, கலைத் திறன்களுக்கும் இடமுண்டு; அங்கே பள்ளி மதிப்பெண் அட்டையைக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே, இந்த ஒரு பள்ளியை மட்டும் நம்பாமல், விண்ணப்பத்தில் வேறு வகைப் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைதியான பிள்ளைக்குச் சிறிய பள்ளியே பொருந்தக்கூடும். புகழ்பெற்ற பெயருக்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம்.

ஈசூன் அம்மா:
ஐயா, ஆண்பிள்ளை என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 13 வயதானதும் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கான வெளியேறும் அனுமதி தேவை. நீண்ட காலம் தங்குவதென்றால் பிணையும் கேட்கக்கூடும். விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

செங்காங் தந்தை:
மூவருக்கும் நன்றி. அனுமதிக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். முன்னாள் புரூக்லின்வாசி அவர்களே, உங்கள் மகள் எந்த மன்றத்தில் சேர்ந்தாள் என்று சொல்ல முடியுமா? மனைவி கேட்கிறார்.