டெங்க்மால்ஃப்ளேகர்: ‘பாதுகாவலர்’ வேண்டாம், ‘பேணுநர்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஹான்ஸ் நாட்லரைப் பற்றிய குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்’ என்பதுவரை தடையில்லை. அடுத்து வருவது ‘டெங்க்மால்ஃப்ளேகர்’ என்ற ஜெர்மன் சொல், மரபுக் கட்டடங்களைக் கவனித்துக்கொள்பவர் என்று பொருள். நம் குழுவின் இந்த உரையாடலில் அதற்குத் தமிழில் மூன்று சொற்கள் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன: நினைவுச்சின்னப் பாதுகாவலர், புராதனக் கட்டட மீட்டமைப்பாளர், திருப்பணியாளர். மூன்றையும் நாட்லரின் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்பதைச் சொல்ல அவர் என்ன வேலை செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1910இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். அதே ஊரில் கட்டடக் கலை படித்தவர். 1949 முதல் 1982 வரை அங்கே மரபுக் கட்டடங்களைக் கவனிக்கும் அரசு நிறுவனத்தின் தலைவர். இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் ஊரின் நடுப்பகுதி எரிந்து போயிருந்தது. கியோர்க் பேர் என்பவர் 1726இல் கட்டத் தொடங்கிய ஃபிரௌவன்கிர்ஹே தேவாலயம், தீயில் வெந்த தூண்கள் தாங்க முடியாமல், பிப்ரவரி 15ஆம் நாள் கல் குவிமாடத்தோடு இடிந்து விழுந்தது. மிஞ்சியவை இரண்டு சுவர்த்துண்டுகளும் ஒரு கற்குன்றும்.

நாட்லரின் வாழ்க்கையில் என்னை நிறுத்திய இடம் அந்தக் கற்குன்றுதான். இடிபாட்டை வாரிவிட்டு இடத்தை வேறு எதற்காவது பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மீண்டும் மீண்டும் தலைதூக்கிய காலம் அது. அவரும் அவரைப் போன்றவர்களும் கற்களைக் கணக்கெடுத்தார்கள், கடிதம் எழுதினார்கள், வாதாடினார்கள், காலத்தைக் கடத்தினார்கள். 1966இல் அந்த இடிபாடு போரின் நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. 1982 முதல், குண்டுவீச்சு தொடங்கிய நாளான பிப்ரவரி 13ஆம் தேதி இரவில் இளைஞர்கள் அங்கே மெழுகுவத்தியோடு வந்து நின்றார்கள். மறுகட்டுமானத்துக்கான அடிக்கல் 1994இல்தான் நாட்டப்பட்டது. அதாவது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஒரு கற்குவியல் கற்குவியலாகவே காப்பாற்றப்பட்டது. இந்தப் பணிக்கு ‘மீட்டமைப்பு’ என்று எப்படிப் பெயர் வைப்பது? அந்த ஆண்டுகளில் எதுவும் மீட்டமைக்கப்படவில்லையே. என்றாவது ஒரு நாள் கட்டலாம் என்ற வாய்ப்பு மட்டும் சாகாமல் வைக்கப்பட்டது.

‘பாதுகாவலர்’ என்பதும் சரியில்லை. பாதுகாத்தல் என்றால் தமிழில் வெளியிலிருந்து வரும் கேட்டைத் தடுத்தல். படிப்பவர் மனத்தில் வாயிலில் நிற்கும் காவலர் வந்துவிடுகிறார். நாட்லரால் தடுக்க முடியாமல் போனவையும் உண்டு. டிரெஸ்டனின் கோத்திக் பாணித் தேவாலயமான சோஃபியன்கிர்ஹே 1962-63இல் இடிக்கப்பட்டது. போரில் பெரிய சேதமின்றித் தப்பிய லைப்சிக் பல்கலைக்கழகத் தேவாலயத்தை 1968 மே 30 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். இரண்டையும் அவர் எதிர்த்தார். வெடிக்கு முந்தைய சில நாள்களில் பலிபீடத்தையும் இறந்தோர் நினைவுப் பலகைகளையும் பெயர்த்தெடுத்து வெளியே கொண்டுவந்தார்கள். கட்டடம் போவது உறுதி என்று தெரிந்த பிறகு உள்ளே இருப்பதையாவது எடுத்து வைப்பது காவல் அல்ல. சாகப்போகிறவரின் அருகில் இருந்து செய்யும் பணிவிடைக்கு நெருங்கியது.

ஜெர்மன் சொல்லும் அதையேதான் சொல்கிறது. அதன் பின்பாதிக்கு வேரான ‘ஃப்ளேகெ’ என்பது நோயாளியைக் கவனிக்கும் பணிக்கு அவர்கள் சொல்லும் சொல். செவிலியருக்கும் அதே வேர்தான், தோட்டம் கவனிப்பதற்கும் அதுதான். நம்மிடம் இதற்கு ஒரு சொல் தயாராகவே இருக்கிறது: பேணுதல். உடல்நலம் பேணுகிறோம், முதியோரைப் பேணுகிறோம், நட்பைப் பேணுகிறோம். ஒருமுறை செய்து முடிக்கிற வேலையை யாரும் பேணுதல் என்று சொல்வதில்லை. அன்றாடம் செய்ய வேண்டியது, விட்டால் கெட்டுப்போவது, அன்பும் கலந்தது. இத்தனையும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனில் ‘டெங்க்மால்ஷுட்ஸ்’ என்றொரு சொல் தனியாக இருக்கிறது. சட்டத்தால் தரப்படும் காப்பு அது. கலை வரலாற்று அறிஞர் கியோர்க் டேகியோ 1905இல் ஸ்ட்ராஸ்புர்க்கில் ஆற்றிய உரையின் தலைப்பிலேயே இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘பாதுகாப்பு’ என்பதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வோம்? அது ‘காப்பு’, இது ‘பேணல்’ என்று இருக்கட்டும்.

‘திருப்பணி’யைப் பரிந்துரைத்த ஐயாவுக்கு: அழகான சொல், விட மனமில்லை. ஆனால் திருப்பணி வழிபாட்டை நோக்கியது, குடமுழுக்கில் முடிவது. வழிபாடே இல்லாத இடிபாட்டுக்கும், மூடிப்போன இரும்பாலைக்கும் அதைச் சொல்ல முடியாது. ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதுவும் ஒரு ‘டெங்க்மால்’தான், அதாவது பேண வேண்டிய சின்னம்தான். ‘புராதன’, ‘தொல்’ என்ற அடைகளும் இதே காரணத்தால் அடிபடுகின்றன. ‘நினைவுச்சின்னம்’ வேர்ப்பொருளில் மிக நெருக்கமானது. ஆனால் நாம் கேட்டவுடன் தலைவர்களின் தூண்களையும் சிலைகளையும்தான் நினைக்கிறோம். ஆகவே ‘மரபுச்சின்னம்’.

என் முன்மொழிவு: மரபுச்சின்னப் பேணுநர். ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர் போல வினையடியோடு ‘நர்’ சேர்கிறது. ‘பேணுனர்’ என்று எழுதிவிட வேண்டாம். ‘பேணாளர்’ என்று அம்மா ஒருவர் கேட்டிருந்தார்கள். ‘ஆளர்’ பெயர்ச்சொல்லோடு சேர்வதால் ‘பேணலாளர்’ என்றுதான் ஆகும், நாக்கு தடுக்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மீண்டும் கட்டப்பட்ட ஃபிரௌவன்கிர்ஹேயின் சுவரருகே நின்றிருக்கிறேன். வெளிர்மஞ்சள் நிறப் புதுக்கற்களுக்கு நடுவே கரிய பழங்கற்கள். தீயின் கரி என்றுதான் முதலில் நினைத்தேன். எல்பெ ஆற்றுப் பகுதியின் அந்த மணற்கல்லில் இரும்பு இருப்பதால் காலப்போக்கில் தானே கறுக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு கரிய கல்லின் விளிம்பு உடைந்திருந்தது. உடைந்த இடத்தைச் செதுக்கி நேராக்காமல், அந்த வடிவத்துக்கேற்பப் புதுக்கல்லை வெட்டிப் பொருத்தியிருந்தார்கள். அந்த மூட்டின்மேல் விரலை ஓட்டியபடி வெகுநேரம் நின்றேன். 2005 அக்டோபர் 30 அன்று தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்டது. நாட்லர் அதே மாதம் 8ஆம் தேதி காலமாகியிருந்தார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஓவியம், மரம், கல் ஆகியவற்றில் கைப்படச் சிகிச்சை செய்பவரை ஜெர்மனில் ‘ரெஸ்டௌராட்டோர்’ என்கிறார்கள். அவர் பேணுநர் அல்லர், வேறு தொழில். அவருக்குச் ‘செப்பனிடுநர்’ சரிவருமா? கல்தச்சர், மரத்தச்சரோடு பழகியவர்கள் குழுவில் இருந்தால் அவர்கள் வாயில் வழங்கும் சொல்லைத் தெரிவியுங்கள். அது கிடைக்கும்வரை அந்த வரியை நிறுத்திவைத்திருக்கிறேன்.